டயாலிஸிஸ் நிலையத்தில் கேட்டறிய வேண்டியவை

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தமிழ்நாட்டை விட்டு வந்து வேறு மாநிலங்களில் வாழ்கின்ற நாம், குடியேறிய ஊரில் சில காரியங்களை விரைவிலேயே தெரிந்து கொண்டு விடுகிறோம். நல்ல காப்பிப் பொடி எந்தக் கடையில் கிடைக்கும், குழந்தைக்குத் தமிழ் கற்பிக்கும் பள்ளி எங்கே இருக்கிறது, மார்கழி மாதத்தில் பஜனை எந்தக் கோயிலில் நடைபெறும் என்பன போன்ற செய்திகள் டெல்லி ராமகிருஷ்ணபுரத்திலும், மும்பை மாதுங்காவிலும், அகமதாபாத் மணிநகரிலும், ஜாம்ஷெட்பூரிலும் உள்ள நம்மவர் எல்லாருக்கும் தெரியும். ஆனால், அருகில் உள்ள டயாலிஸிஸ் நிலையம் எது, அங்கே சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது என்று கேட்டால், அந்த நோயைக் கண்ட குடும்பத்தாரைத் தவிர மற்றவர்களுக்கு விடை தெரிவதில்லை.

நோயோ முன்னறிவிப்புத் தந்து வருவதில்லை. சிறுநீரகங்கள் பழுதுற்றுவிட்டன, இனி டயாலிஸிஸ் செய்துகொண்டாக வேண்டும் என்று டாக்டர் கூறும் நாளில் குடும்பமே நிலைகுலைந்து போகிறது. அண்டை வீட்டார் சொல்லும் முதல் இடத்திற்கே நோயாளியை அழைத்துச் செல்கின்றனர். அந்த இடம் தகுந்ததா என்று ஆராயும் நிலையில் மனம் இருப்பதில்லை. ஆராய முற்பட்டாலும் மொழி துணை நிற்பதில்லை. ஆகவே, பதற்றம் ஏதுமில்லாத நாளிலேயே இவ்விஷயத்தைச் சற்று விளங்கிக் கொள்வது நலம்.

ஒரு நிலையத்தின் தரத்தை மதிப்பிட வைத்திய சாஸ்திரம் பயின்றிருக்க வேண்டும் என்பதில்லை. நீர், சுத்தம், நேரம், எடை, இரத்த வழி, சோதனை எண்கள் ஆகிய இந்த ஆறு விஷயங்களைக் கவனிக்கத் தெரிந்தவர் எவரும் அதனை மதிப்பிட்டு விடலாம். பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் கண்ணுக்கு உடனே தெரிகின்றன. நோயாளியின் உயிரைக் காப்பவையோ கேட்டால்தான் தெரிய வருகின்றன.

முதலில் சிறுநீரகங்களின் பணியைப் பார்ப்போம். முதுகெலும்பின் இரு புறமும், விலா எலும்புகளுக்குச் சற்றுக் கீழே, அவரை விதையின் வடிவில் கைமுஷ்டி அளவாக இரண்டு சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இவை ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, உடலுக்கு வேண்டியதைத் திருப்பிக் கொடுத்து, எஞ்சிய ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. கழிவை நீக்குவதோடு இவற்றின் வேலை முடிந்து விடுவதில்லை. உடலில் உள்ள உப்பு, பொட்டாசியம், அமிலம் ஆகியவற்றின் அளவைச் சீராக வைப்பதும், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் நிறுத்துவதும், இரத்த அணுக்கள் உற்பத்தியாவதற்குரிய எரித்ரோபாயிட்டின் என்னும் சுரப்பைத் தருவதும், எலும்புக்கு வேண்டிய டி வைட்டமினைப் பயன்படும் நிலைக்கு மாற்றுவதும் இவையே.

இவ்வளவு பணியையும் ஆற்றும் உறுப்பு பழுதுறுவதற்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் முதன்மையான காரணங்களாக உள்ளன. பழுது முற்றியபின் மூன்று வழிகளே எஞ்சுகின்றன. பிறர் ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்திக் கொள்வது ஒன்று. வயிற்றுக்குள் குழாய் பொருத்தி, நாள்தோறும் சுமார் நான்கு முறை இரண்டிரண்டு லிட்டர் திரவத்தைச் செலுத்தி வெளியேற்றும் வயிற்றுவழி டயாலிஸிஸ் மற்றொன்று. இதனை வீட்டிலேயே செய்து கொள்ளலாம். யந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தி செய்வது மூன்றாவது. நம் நாட்டில் பெரும்பாலோர் மேற்கொள்வது இம்மூன்றாவது முறையே. நிலையங்கள் என்று நாம் கூறுவனவும் இதற்காக ஏற்பட்டவையே.

இம்முறையின் சரித்திரம் நெடியதன்று. சவ்வின் வழியே உப்பு போன்ற பொருள்கள் ஊடுருவிச் செல்வதை ஆராய்ந்து டயாலிஸிஸ் என்ற பெயரை வழங்கியவர் ஸ்காட்லாந்து நாட்டு ரசாயன அறிஞர் தாமஸ் கிரஹாம். அது 1861-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல், ஹாலந்து நாட்டு டாக்டர் வில்லெம் கால்ஃப் மனிதருக்குப் பயன்படும் யந்திரத்தை அமைத்தார். எனினும் ஒரே நோயாளிக்கு மீண்டும் மீண்டும் சிகிச்சை செய்ய வழி இல்லாதிருந்தது. ஒவ்வொரு முறையும் புதிய இரத்தக் குழாயைத் தேட வேண்டியிருந்தது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் ஸ்க்ரிப்னர் கையில் நிலையாக வைக்கத் தக்க குழாயை அமைத்ததும், 1966-இல் பிரெஸ்ஸியா, சிமினோ முதலிய டாக்டர்கள் கையிலுள்ள நாடியையும் சிரையையும் இணைக்கும் சிறு அறுவையை வெளியிட்டதும் இக்குறையைப் போக்கின. அன்று முதல் சிறுநீரகம் செயலிழந்தவர் ஆண்டுக் கணக்கில் வாழ முடிகிறது.

சிகிச்சை நடைபெறும் விதம் இது. நோயாளியின் கையில் இரண்டு ஊசிகள் செலுத்தப்படுகின்றன. ஒன்றன் வழியாக இரத்தம் வெளியே வந்து, டயலைசர் என்னும் உருளையினுள் செல்கிறது. அவ்வுருளையில் மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் உள்ளன. குழல்களுக்குள்ளே இரத்தமும், வெளியே உப்புகள் கலந்த தூய நீரும் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன. இரத்தத்திலுள்ள கழிவு நீருக்குள் இறங்குகிறது. சுத்தியான இரத்தம் மற்றோர் ஊசியின் வழியே உடலுக்குத் திரும்புகிறது. வழக்கமாக ஒரு முறைக்கு 4 மணி நேரம், வாரத்திற்கு 3 முறை. அதாவது ஆண்டொன்றுக்கு 156 தடவை. 624 மணி நேரம். இவ்வளவு முறை சென்று வர வேண்டியிருப்பதால், இடம் வீட்டிற்கு அருகில் இருப்பதும் ஒரு சிறப்பே. தொலைவு மிகுந்தால் நோயாளி அலுத்துப் போய் ஒரு தடவை, இரண்டு தடவை என்று விட்டுவிடுவார். விட்ட நாளில்தான் பொட்டாசியம் மிகுந்து இதயம் நிற்கும் அபாயமும், நீர் சேர்ந்து மூச்சுத் திணறும் அபாயமும் நேர்கின்றன.

இனி, முன் கூறிய ஆறு விஷயங்களையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது நீர். யந்திரத்தில் நிமிஷத்திற்குச் சுமார் அரை லிட்டர் நீர் ஓடுகிறது. நான்கு மணி நேரத்தில் அது 120 லிட்டர் ஆகிறது. ஒரு வாரத்தில் 360 லிட்டர். நாம் வாரம் முழுதும் குடிப்பதோ 14 லிட்டர் அளவுதான். குடிக்கும் நீரைக் குடல் ஓரளவு ஆராய்ந்து உள்ளே விடுகிறது. டயாலிஸிஸில் நீருக்கும் இரத்தத்திற்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்றே காவல். ஆதலால், குடிப்பதற்குத் தகுதியான குழாய் நீர்கூட இதற்குத் தகுதியாகாது. நகராட்சி நீரில் கிருமியை ஒழிக்கச் சேர்க்கும் குளோரின் வகைகள் இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்து விடும். அலுமினியம் கலந்த நீரால் மூளையும் எலும்பும் கெட்ட நோயாளிகளைப் பற்றி 1970-களில் மருத்துவ உலகம் அறிந்தது. 1996-இல் பிரேசில் நாட்டின் கருவாரு என்னும் ஊரில், ஏரி நீரிலிருந்த பாசியின் நஞ்சு சரிவர நீக்கப்படாமையால், ஒரே நிலையத்தைச் சேர்ந்த 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் ஈரல் கெட்டு மாண்டனர். நீரைச் சாதாரணமாக எண்ணலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நல்ல நிலையத்தில் நீர் மணலிலும் கரியிலும் வடிகட்டப்பட்டு, உப்பு நீக்கப்பட்டு, பின்னர் ஆர்.ஓ. என்று வழங்கும் யந்திரத்தின் வழியே செல்கிறது. குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று நாள்தோறும், ஒவ்வொரு வேளை சிகிச்சை தொடங்கு முன்னரும் பார்க்கின்றனர். கிருமிச் சோதனை மாதந்தோறும் நடக்கிறது. ‘நீர்ச் சோதனை கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது? அந்த ஏட்டைப் பார்க்கலாமா?’ என்று நாம் கேட்கலாம். முறையாக நடத்துவோர் ஏட்டை எடுத்துக் காட்டத் தயங்கமாட்டார்கள்.

இரண்டாவது சுத்தம். இரத்தத்தோடு தொடர்புடைய சிகிச்சையாதலின், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பி, சி வகை ஈரல் கிருமிகளும், ஹெச்.ஐ.வி. கிருமியும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவ இடமுண்டு. எனவே, சேரும்போதே இம்மூன்றுக்கும் சோதனை செய்கிறார்களா, பின்னரும் குறித்த காலத்தில் மறுபடி செய்கிறார்களா, பி வகைக் கிருமி உள்ளவருக்குத் தனி யந்திரமும் தனி இடமும் இருக்கின்றனவா என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. டயாலிஸிஸ் நோயாளிக்கு அதனைச் சாதாரண அளவைப் போல் இரு மடங்காக, பெரும்பாலும் நான்கு தவணைகளில் போடுவது வழக்கம். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆயினும் இப்போது மாத்திரைகளாலேயே அதனைக் குணப்படுத்தி விடலாம். 2018-இல் தொடங்கிய தேசிய ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வாயிலாக அம்மாத்திரைகள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகத் தரப்படுகின்றன.

ஒரு நோயாளியைத் தொட்டபின் மற்றொருவரிடம் செல்லுமுன் பணியாளர் கையுறையை மாற்றிக் கைகழுவுகிறாரா என்று சற்று நேரம் அமர்ந்து பார்த்தாலே போதும். அந்த இடத்தின் பழக்கம் முழுவதும் புலனாகிவிடும். ஒருவர் எழுந்தவுடன் நாற்காலியையும் கட்டிலையும் யந்திரத்தின் மேற்புறத்தையும் மருந்து நீரால் துடைத்த பின்னரே அடுத்தவரை அமர்த்துவது முறை.

நம் நாட்டில் செலவைக் குறைக்கும் பொருட்டு, ஒரே டயலைசரைக் கழுவி அதே நோயாளிக்குப் பல முறை பயன்படுத்தும் வழக்கம் உண்டு. ஒழுங்காகச் செய்தால் இதில் தவறில்லை. ஆனால் அதன்மேல் நோயாளியின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எத்தனையாவது முறை என்பது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் உட்கொள்ளளவு முதலில் இருந்ததில் 80 சதவிகிதத்திற்குக் குறைந்தால் அதனை எறிந்துவிட வேண்டும். கழுவப் பயன்படுத்திய மருந்து சிறிதும் எஞ்சாமல் நீக்கப்பட வேண்டும். யந்திரத்தில் பொருத்துமுன் உருளையின் மேலுள்ள பெயரை நோயாளியே படித்துப் பார்ப்பது நல்லது. ஹிந்தியிலோ வங்காளியிலோ எழுதியிருந்தால், தம் பெயர் அந்த எழுத்தில் எப்படி இருக்கும் என்பதையாவது கற்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயருடைய இருவர் அதே வேளையில் வருவதும் உண்டு அல்லவா?

மூன்றாவது நேரம். நிலையத்தில் கூட்டம் மிகுந்திருக்கும் நாளில் நான்கு மணி நேரம் மூன்றரையாகவும் மூன்றாகவும் குறுகிவிடுவதுண்டு. நோயாளியும், ‘சீக்கிரம் விட்டால் போதும்’ என்று மகிழ்ந்து போகிறார். ஒரு முறைக்கு அரை மணி குறைந்தால் ஆண்டில் 78 மணி நேரம் குறைகிறது. அது ஏறக்குறைய 20 முறை சிகிச்சைக்கே வராதிருந்ததற்கு ஒப்பாகும். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் நாமே குறித்து வருவது இதனாலேயே அவசியமாகிறது.

சிகிச்சை போதுமானதா என்பதை அளக்க எளிய கணக்கு ஒன்றுண்டு. தொடங்குமுன் இரத்தத்தில் யூரியா எவ்வளவு, முடிந்தபின் எவ்வளவு என்று சோதிக்கின்றனர். முன்பு 150 ஆக இருந்தது பின்பு 50 ஆனால், 100 குறைந்திருக்கிறது. அதாவது சுமார் 67 சதவிகிதம். வாரம் மும்முறை செய்து கொள்பவருக்கு இக்குறைவு 65 சதவிகிதத்திற்குக் கீழே போகலாகாது. டாக்டர்கள் கேடி-வி என்று மற்றோர் அளவையும் கூறுவார்கள்; அது 1.2-க்குக் குறையாதிருக்க வேண்டும். ‘இந்த மாதம் யூரியா எத்தனை சதவிகிதம் குறைந்தது?’ என்பது நோயாளி கேட்கத்தக்க கேள்விகளுள் தலையாயது. இச்சோதனையையே செய்யாத நிலையம், சிகிச்சை பலிக்கிறதா என்பதை அறியாமலே அதனை நடத்தி வருகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

நான்காவது எடை. சிறுநீர் கழியாதவர் உடலில், குடிக்கும் நீர் அடுத்த சிகிச்சை வரை தங்கிவிடுகிறது. மிகுதியான நீர் யாவும் நீங்கிய நிலையில் உள்ள எடையை உலர் எடை என்பர். யந்திரம் ஒவ்வொரு முறையும் அவ்வெடைக்கு நோயாளியைக் கொண்டுவர முயல்கிறது. எனினும் நீரை மிக வேகமாக இழுத்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரும். கால் தசைகள் சுரண்டி இழுக்கும். நாளடைவில் இதயமும் நலியும். எடை ஒரு கிலோவிற்கு மணிக்கு 13 மில்லி லிட்டருக்கு மேல் இழுக்காதிருப்பது பொதுவான வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் இது சுமார் 3 லிட்டராகிறது. ஆகவே, இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே 5 லிட்டர் சேர்த்துக்கொண்டு வருபவரை எவ்வளவு திறமையான டாக்டரும் சுகமாக அனுப்ப முடியாது. முன்னும் பின்னும் எடை பார்க்கிறார்களா, இடையில் அரை மணிக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தம் பார்க்கிறார்களா, உலர் எடையை டாக்டர் அவ்வப்போது மறுபரிசீலனை செய்கிறாரா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பணியாளர் மூன்று அல்லது நான்கு யந்திரங்களுக்கு மேல் கவனிக்க நேரும் இடத்தில் இவை ஒழுங்காக நடப்பது அரிது.

ஐந்தாவது, இரத்தம் வந்து செல்லும் வழி. தொடக்கத்தில் அவசரமாகக் கழுத்தில் ஒரு குழாயைச் செருகிச் சிகிச்சை தொடங்குவதுண்டு. அக்குழாயின் வழியே கிருமி புகுவது எளிது. ஆகையால் அதனை நீண்ட நாள் வைத்திருத்தல் தகாது. கையில் நாடியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா என்னும் சிறு அறுவையே சிறந்தது. அது முதிர்ந்து பயன்பட ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். எனவே, இதனை முன்கூட்டியே செய்து கொள்ளும்படி ஆலோசனை கூறும் நிலையம் நோயாளியின் எதிர்காலத்தைக் கருதும் நிலையம் ஆகும். ஃபிஸ்டுலா உள்ள இடத்தில் விரல் வைத்தால் தம்பூராத் தந்தி அதிர்வது போன்ற அதிர்வு தெரியும். காலையும் மாலையும் அதனைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றுவிட்டால் ஒரு நாளும் தாமதியாமல் டாக்டரிடம் ஓட வேண்டும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, சோதனைக்கு இரத்தம் எடுக்கவோ எவரையும் அனுமதிக்கலாகாது. அக்கையைத் தலைக்கு அணையாக வைத்து உறங்கலும் ஆகாது.

ஆறாவது, மாதச் சோதனை எண்கள். ஹீமோகுளோபின் பெரும்பாலும் 10-க்கும் பதினொன்றரைக்கும் இடையில் இருக்கும்படி ஊசி மருந்தாலும் இரும்புச் சத்தாலும் பார்த்துக் கொள்கின்றனர். பொட்டாசியம், பாஸ்பரஸ், கால்சியம், ஆல்புமின் ஆகியவற்றையும் காலம் தவறாது பார்க்க வேண்டும். அன்றியும், சிறுநீரக நோயில் தேர்ந்த டாக்டர் குறித்த நாளில் நேரில் வந்து நோயாளியைப் பார்த்து இவ்வெண்களை விளக்குகிறாரா என்பது முக்கியம். யந்திரத்தை இயக்குபவர் எவ்வளவு பழகியவராயினும் டாக்டரின் இடத்தை நிரப்ப முடியாது.

இந்த ஆறு விஷயங்களையும் கவனிப்பதற்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகமே துணை. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முன் எடை, பின் எடை, இரத்த அழுத்தம், நேர்ந்த தொல்லை ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதி வரலாம். சோதனைத் தாள்களை அதனோடு சேர்த்துக் கட்டி வைக்கலாம். ஆறு மாதங்கள் இவ்வாறு எழுதி வந்தால், உடல் முன்னேறுகிறதா நலிகிறதா என்பது எவர் சொல்லாமலும் விளங்கும். ஊர் மாற நேர்ந்தாலும், புதிய டாக்டருக்கு அப்புத்தகம் பெரிதும் உதவும். சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. கேட்ட 72 மணி நேரத்திற்குள் டாக்டர் அவற்றைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. வயது முதிர்ந்த தாயோ தந்தையோ மகனுடன் வந்து வட மாநிலத்தில் தங்கியிருக்கையில், யந்திரத்தில் இருக்கும்போது நேரும் தொல்லையைச் சொல்லத் தெரியாமல் பொறுத்துக் கொள்கின்றனர். பொறுமை இங்கே ஆபத்து. நான்கு சொற்றொடர்களைக் கற்றுக் கொடுத்தால் போதும். தலை சுற்றினால் ‘சக்கர் ஆ ரஹா ஹை’. குளிர் நடுக்கம் கண்டால் ‘டண்ட் லக் ரஹீ ஹை’. நெஞ்சு வலித்தால் ‘சீனே மே தர்த் ஹை’. மூச்சு முட்டினால் ‘சாஸ் நஹீ லீ ஜாதீ’. இவற்றுள் குளிர் நடுக்கம் மிகவும் கருதத்தக்கது. இரத்தத்தில் கிருமி புகுந்ததற்கு அது அறிகுறியாக இருக்கலாம். முதல் சில வாரங்களேனும் வீட்டார் ஒருவர் உடன் இருப்பது நல்லது.

அடுத்துச் செலவைப் பற்றிப் பார்ப்போம். 2016-இல் மத்திய அரசு பிரதம மந்திரி தேசிய டயாலிஸிஸ் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நிலையங்கள் அமைக்கப்பட்டு, வறுமைக் கோட்டிற்குக் கீழே உள்ளவர்களுக்குச் சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகிறது. பல இடங்களில் இவற்றைத் தனியார் நிறுவனங்கள் அரசின் சார்பில் நடத்துகின்றன. ஆகவே மேற்கூறிய கேள்விகளை இங்கும் தயங்காமல் கேட்க வேண்டும். இலவசம் என்பதால் தரம் குறைய வேண்டும் என்பதில்லை. கட்டணம் மிகுதி என்பதால் தரம் உயர்ந்துவிடும் என்பதும் இல்லை.

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பம் ஒன்றுக்கு ஆண்டிற்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது. 2024 முதல், 70 வயது நிரம்பியவர்கள் வருமான வேறுபாடின்றி இதில் சேர்க்கப்பட்டுள்ளனர். இதன் அட்டையை உடையவர், திட்டத்தில் சேர்ந்துள்ள வேறு மாநிலத்திலும் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற முடியும். ஆனால் மாநில அரசு தனியே அளித்துள்ள காப்பீட்டு அட்டை எல்லா மாநிலங்களிலும் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. கையிலிருப்பது எந்த அட்டை என்பதை முன்னரே விசாரித்துக் கொள்வது அவசியம். தொழிற்சாலைகளில் பணியாற்றுவோர் ஈ.எஸ்.ஐ. வாயிலாகவும், மத்திய அரசு ஊழியர்கள் சி.ஜி.ஹெச்.எஸ். வாயிலாகவும் இவ்வுதவியைப் பெறலாம்.

பொங்கலுக்கோ, வீட்டில் ஒரு கலியாணத்திற்கோ ஊருக்குச் செல்ல வேண்டும் என்ற ஆசை நோயாளிக்கும் உண்டு. டயாலிஸிஸ் செய்து கொள்பவர் பயணமே செய்யக்கூடாது என்பதில்லை. செல்லும் ஊரிலுள்ள நிலையத்தோடு சில வாரங்களுக்கு முன்பே தொடர்பு கொண்டு நாளும் வேளையும் நிச்சயம் செய்து கொள்ள வேண்டும். கிருமிச் சோதனைத் தாள்கள், கடைசி மூன்று சிகிச்சைகளின் குறிப்பு, உலர் எடை, மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். டயாலிஸிஸுக்காகவோ சிறுநீரக மாற்று அறுவைக்காகவோ பிரயாணம் செய்யும் நோயாளிக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும் ரெயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் இது 75 சதவிகிதம். இதற்குரிய படிவத்தில் டாக்டரின் சான்று பெற வேண்டும். டெல்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பயணமே ஒரு நாளுக்கு மேல் ஆகிறதாதலால், புறப்படுவதற்கு முன் தினம் சிகிச்சையை முடித்துக் கொண்டு கிளம்புவது நலம்.

உணவிலும் நிலையத்தின் தரம் வெளிப்படும். உணவுப் பட்டியலைக் கூறும் நிபுணர் ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். சிறுநீரகம் பழுதுறத் தொடங்கியபோது புரதத்தைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லியிருப்பார். டயாலிஸிஸ் தொடங்கிய பின்னரும் பலர் அதே பத்தியத்தைத் தொடர்ந்து மெலிந்து போகின்றனர். சிகிச்சையின்போது புரதம் வெளியேறுவதால், இப்போது கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படுகிறது. முட்டையின் வெள்ளைக்கருவும், அளவான பருப்பும் பனீரும் இதற்கு உதவும். இளநீர், வாழைப்பழம், கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. காய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஊற வைத்து, நிறைய நீரில் வேக வைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் அது பெருமளவு நீங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு தாகத்தைப் பெருக்கும். நீர் அளவைக் கணக்கிடுகையில் காப்பி, மோர், ரசம், சாம்பார் யாவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வேறு மாநிலத்தில் வாழ்வோர் மேலும் சில எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ள வேண்டும். ஐந்து விளிம்புகளுடைய நட்சத்திரப் பழம் ஒன்று வட இந்தியாவில் கமரக் என்றும், வங்காளத்தில் காம்ராங்கா என்றும் தள்ளுவண்டிகளில் விற்கப்படுகிறது. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அது நஞ்சு. விடாத விக்கலும், மனத் தடுமாற்றமும், வலிப்பும், மரணமுங்கூட அதனால் நேர்ந்துள்ளன. ஒரு துண்டும் வேண்டாம். விரதங்களில் வழங்கும் சேந்தா நமக், நம் இந்துப்புதான். அதுவும் சாதாரண உப்பைப் போலவே தாகத்தையும் நீரையும் சேர்க்கும். சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருப்பதால் அது அதனினும் கொடிது.

இத்தனை கேள்விகளைக் கேட்டால் நிலையத்தார் கோபிக்க மாட்டார்களா என்று சிலர் அஞ்சக்கூடும். இருக்கிற இடமும் போய்விடுமோ என்ற அச்சம் இயற்கையே. கேள்வியைக் குற்றச்சாட்டாகக் கேட்காமல், விளங்கிக் கொள்ளும் விருப்பத்தோடு கேட்டால் பெரும்பாலான பணியாளர்கள் மகிழ்ந்தே விடை தருகின்றனர். தம் நோயைத் தெரிந்து கொண்ட நோயாளியால் அவர்களுக்கும் வேலை எளிதாகிறது. விடை தர மறுத்துக்கொண்டே இருப்பாராயின், அம்மறுப்பே நமக்கு வேண்டிய விடை. வேறு இடம் தேடுவதும், மாற்றுச் சிறுநீரகம் பெறத் தகுதி உண்டா என்று டாக்டரைக் கலந்து கொள்வதும் நோயாளியின் உரிமைகளே.

ஒவ்வோர் ஊரிலும் தமிழ்ச் சங்கமும், கோயில் சபையும், குடியிருப்போர் சங்கமும் இருக்கின்றன. அருகிலுள்ள நிலையங்கள் எவை, எந்த அட்டை அங்கே ஏற்கப்படுகிறது, மொழி தெரிந்து துணைக்கு வரக்கூடியவர் யார் என்று ஒரு தாளில் எழுதி அங்கே ஒட்டி வைப்பது பெரிய காரியமன்று. புதிதாக வந்த குடும்பம் ஒன்று நள்ளிரவில் செய்வதறியாது திகைக்கும்போது, அந்த ஒரு தாள் ஓர் உயிரைக் காக்கலாம்.